மெழுகுவர்த்திப் பாட்டின் உச்ச சுரம்

நவம்பர் 4, 1957, திங்கள்

திங்கட்கிழமை முடிதிருத்தும் கடைக்கு விடுமுறை. ஆனாலும் அப்பா கதவைத் திறந்துவைத்து, சுத்தமாக இருந்த கண்ணாடியை மூன்று முறை துடைத்தார். தெருவைப் பார்க்க ஒரு காரணம் வேண்டும் அல்லவா? நாங்கள் வாடகைக்கு விடும் மாடி அறைக்கு இன்று சிஞோரா (திருமதி) தெல்ஃபீனா கந்தரெல்லி வந்து சேர்ந்தார். ஓபரா பாடகி, சோப்ரானோ – பெண்குரல்களில் உச்சமானது. ஏழு பெட்டிகள், நான்கு தொப்பிக்கூடுகள், ஒரு நீராவிக் கெண்டி. டிசம்பர் 26, புனித ஸ்தேவான் திருநாளன்று எங்கள் ஊர் அரங்கில் ஓபராப் பருவம் தொடங்குகிறது. இந்த ஆண்டு கதாநாயகி அவர்தான்.

அப்பா அரங்கின் மேல்மாடிக்குத் தலைவர். யாரும் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை, யாரும் மறுக்கவும் இல்லை. கூரைக்குக் கீழே மரபெஞ்சில் உட்காரும் முடிதிருத்துவோர், இறைச்சிக்கடைக்காரர்கள், ரயில்வேக்காரர்கள் எல்லோருக்கும் ஒவ்வொரு ஓபராவும் சுரம் சுரமாக மனப்பாடம். பாடுபவர் தவறினால் துளையுள்ள பழைய இரும்புச் சாவியை உதட்டில் வைத்து ஊதுவார்கள். ஒரு சாவியே காதைக் கிழிக்கும். முந்நூறு சாவிகள் என்றால் ஒரு பாடகரின் பிழைப்பே முடிந்துவிடும்.

“நான் படுக்கை விரிச்சுக் கொடுக்கிறேன், உங்கப்பா ஊதித் துரத்துறார். நல்ல குடும்பம்” என்றாள் அம்மா.

நவம்பர் 9

பள்ளியில் லத்தீன் சொல்லித்தரும் பேராசிரியை ஓர்த்தால்லி ஒரு பெரிய கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்: ‘வாழ்ந்துகொண்டிருக்கும் ஒரு புகழ்பெற்ற மனிதரின் வாழ்க்கை.’ வகுப்பில் பதினோரு பேர் ஆயரைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். ஆயர் பாவம். நான் சிஞோராவைத் தேர்ந்தெடுத்தேன்.

நோட்டின் முதல் பக்கத்தில் ஒரு விதி எழுதி இரண்டு முறை அடிக்கோடிட்டேன்: வரலாறு எழுதுபவர் உண்மையை மட்டுமே எழுதவேண்டும், அது யாருக்குப் பிடிக்காவிட்டாலும். (எனக்குப் பதினான்கு வயது. இப்போதே தொடங்கினால்தான் பழகும்.)

நவம்பர் 12

முதல் பேட்டி. சிஞோரா கழுத்தில் கம்பளித் துணி சுற்றிக்கொண்டு, பச்சை முட்டை குடித்துக்கொண்டே பதில் சொன்னார்.

பிறந்தது இதே ஊரில், ஆட்டுக்குடல் விற்ற பெரெத்தா கந்தரெல்லியின் மகளாக. வயது முப்பத்தொன்பது. முதன்முதலில் மேடை ஏறியது 1931இல், எங்கள் அரங்கில்.

நான் கணக்குப் போட்டேன். “அப்படின்னா பதிமூணு வயசுலயா சிஞோரா?”

“கலைக்கு வயசு கிடையாது கண்ணு. எழுதிக்கோ.”

எழுதிக்கொண்டேன். பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டேன்.

நவம்பர் 14

பள்ளி முடிந்ததும் கோயிலில் ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்த்தேன். சிஞோரா பிறந்த வருடம் 1909. எனக்கு வெற்றியாளரின் மகிழ்ச்சி. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் காரணம் தெரியாத வருத்தமும்.

நவம்பர் 21

இன்று அவரே எல்லாவற்றையும் சொன்னார். 1931இல் எங்கள் மேல்மாடி அவரை ஊதி இறக்கியிருக்கிறது. இரண்டாம் அங்கத்திலேயே. தாயார் மறுநாள் குடல் விற்கச் சந்தைக்குப் போகவில்லையாம். அதன்பின் இருபத்தாறு வருடம் அவர் இந்த ஊருக்கு வரவே இல்லை. மால்ட்டா, ஸாக்ரெப், லிஸ்பன், கெய்ரோ. போர்க்காலத்தில் ஒரு பை மாவுக்காகச் சினிமாக் கொட்டகைகளில் பாடினார். ஒரு தாளவாத்தியக்காரரைத் திருமணம் செய்தார். “தாளம் மட்டும் சரியா இருந்துச்சு. வீட்டுக்கு வர்ற நேரம் ஒருநாளும் சரியா இல்ல.”

இப்போது ஏன் வந்தார் என்று கேட்டேன்.

“வேற யாரும் கூப்பிடல” என்றார். முட்டை ஓட்டைத் தட்டில் வைத்தார். “இங்க நல்லபடியா போச்சுன்னா அரங்க மேலாளர் மூணு வருஷத்துக்கு ஒப்பந்தம் போடுறேன்கிறார். இல்லேன்னா பியாச்சென்ஸாவுல எங்க அக்கா கம்பளி நூல் கடை வெச்சிருக்கா. கல்லாவுல உட்கார ஆள் வேணுமாம்.”

கம்பளி நூல் கடை! ஸாக்ரெபில் குதிரைவண்டியிலிருந்து குதிரைகளை அவிழ்த்துவிட்டு, மாணவர்களே இழுத்துக்கொண்டு போனார்களாம் அவரை.

அவர் பயிற்சி செய்யும்போதெல்லாம் அப்பா கீழே கடையில் இரண்டு காதிலும் பஞ்சு வைத்துக்கொள்கிறார். முன்கூட்டிக் கேட்டால் தீர்ப்பு கெட்டுவிடுமாம். நேற்று ஒரு வாடிக்கையாளர் மீசையை வைத்துக்கொள்ளச் சொன்னார். அப்பா எடுத்துவிட்டார்.

நவம்பர் 30

ஒரு கண்டுபிடிப்பு. இதை மெதுவாக எழுதவேண்டும்.

மூன்றாம் அங்கத்தில், கையில் மெழுகுவர்த்தியோடு கதாநாயகி தனியாகப் பாடும் பாட்டு ஒன்று உண்டு. ஊரே அதை மெழுகுவர்த்திப் பாட்டு என்றுதான் சொல்கிறது. கடைசியில் ஒரு உச்ச சுரம். அதைப் பாடி முடித்துத் திரியை ஊதி அணைக்கவேண்டும். அந்த உச்சிக்காகத்தான் மேல்மாடி டிக்கெட் வாங்குகிறது. நூலகத்தில் இசைப் புத்தகம் எடுத்துப் பார்த்தேன். பாட்டின் முதல் சுரம், அப்பா சுருதி பார்க்க வைத்திருக்கும் இசைக்கவையை – அந்த இரட்டைக் கிளை இரும்பை – தட்டினால் வருமே, அதேதான். பியானோவில் அது வெள்ளைக்கட்டை.

இன்று பக்கம் புரட்டப் பக்கத்தில் நின்றேன். சிஞோரா தொடங்கியது அதற்கு ஒட்டினாற்போல் கீழே இருக்கும் கறுப்புக்கட்டையில்.

“சிஞோரா, புத்தகத்துல வெள்ளைக்கட்டை போட்டிருக்கு.”

அவர் விரலை எடுக்கவில்லை. “நூலகத்துக்கெல்லாம் போறியா நீ?”

“வரலாறுன்னா சரிபார்க்கணும்.”

“சரிதான்.” இப்போது விரலை எடுத்தார். “ஆர்க்கெஸ்ட்ரா கண்டக்டரும் நானும் பேசி அரைக்கட்டை இறக்கியிருக்கோம். அரைக்கட்டை, அவ்வளவுதான். பழைய உயரத்துல அந்த உச்சி எனக்கு இப்ப வர்றதில்ல. யார்கிட்டயும் சொல்லாதே. உங்கப்பாகிட்ட மட்டும்... புரியுதா?”

புரிந்தது. மேல்மாடியின் சட்டத்தில் சுரம் பிசகுவது குற்றம். சொல்லாமல் கட்டையை இறக்குவது திருட்டு.

வாக்குக் கொடுத்தேன்.

டிசம்பர் 7

கட்டுரையைக் கொடுத்துவிட்டேன். நாற்பத்தொரு பக்கம். 1909ஐச் சேர்த்தேன். அரைக்கட்டையையும் சேர்த்தேன் – ஒரே ஒரு பத்தி. விட்டுவிட்டால் அந்த இரண்டு அடிக்கோடுகளுக்கு என்ன அர்த்தம்? பேராசிரியை மட்டும்தானே படிக்கப்போகிறார். அவர் ஓபராவுக்கே போவதில்லை, லத்தீன் தவிர வேறெதிலும் அவருக்கு ஆர்வமும் இல்லை.

டிசம்பர் 14, சனி

பத்துக்கு ஒன்பது! பேராசிரியை ஓர்த்தால்லி இதுவரை யாருக்கும் ஒன்பது கொடுத்ததில்லை. ‘உண்மையின் துணிச்சல்’ என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறார். எழுந்து நிற்கச் சொன்னார். பிறகு – முன்மாதிரியாக இருக்கட்டும் என்று – வகுப்பு முழுவதற்கும் சத்தமாகப் படித்தார். நாற்பத்தொரு பக்கமும்.

இரண்டாவது வரிசையில் கிளேலியா போஸ்கி. ஆயரைத் தேர்ந்தெடுத்து ஆறு மதிப்பெண் வாங்கியவள். அவளுடைய அப்பா நுல்லோ போஸ்கி, பன்றியிறைச்சிக் கடைக்காரர், மேல்மாடியில் அப்பாவுக்கு அடுத்த இடம்.

மாலை

நான்கு மணிக்கு நுல்லோ கடைக்குள் நுழைந்தார். கடை மேலங்கியைக்கூடக் கழற்றவில்லை.

“ஏர்மேத்தே! உன் தலைக்கு மேலயே அரைக்கட்டை திருட்டுப்போகுது, நீ கீழ உட்கார்ந்து நுரை அடிச்சுக்கிட்டு இருக்கே!”

அப்பா காதிலிருந்து பஞ்சை எடுத்தார். “என்னய்யா சொல்றே?”

“உன் பொண்ணே எழுதிட்டா! பள்ளிக்கூடத்துல படிச்சிருக்காங்க! ஊருக்கே தெரியும், உனக்குத் தெரியாதாக்கும்? பார்மா அரங்கத்து மேல்மாடிக்காரன் கேட்டா சிரிக்கமாட்டான்?”

அப்பா என்னைப் பார்த்தார். கையில் கத்தி, நாற்காலியில் பாதி முகம் மழித்த தபால்காரர்.

“லேதா. நீ எழுதினது உண்மையா?”

“உண்மைதான் அப்பா.”

“அப்ப நான் ஊதித்தான் ஆகணும்.”

உள்ளே இருந்து அம்மா: “ஊதுங்க, நல்லா ஊதுங்க! ஊதிட்டு வந்து அந்த நாற்காலியிலயே படுத்துக்குங்க!”

தபால்காரர் மட்டும் மெல்லக் கேட்டார், “இன்னொரு பக்கம்?”

டிசம்பர் 17

என்ன பண்ணிட்டேன் நான். என்ன பண்ணிட்டேன். ஒன்பது மார்க்காம். அதைக் கொண்டுபோய் எங்க வைக்கிறது?

டிசம்பர் 20

ஊரில் எல்லோரும் இழுப்பறைகளைக் குடைகிறார்கள். புதுப் பூட்டுகளின் தட்டைச் சாவியில் சத்தம் வராது; தாத்தா காலத்துச் சாவிதான் வேண்டும். பழைய இரும்புக் கடைக்காரரிடம் ஒன்றுகூட மிச்சமில்லை. அம்மா எங்கள் வீட்டுத் துளைச்சாவிகள் எல்லாவற்றையும் எங்கோ ஒளித்துவிட்டாள். நிலவறைச் சாவியும் அதில் சேர்த்தி. மூன்று நாளாக வைன் இல்லை. அப்பா தண்ணீர் குடிக்கிறார்.

மேலே சிஞோராவுக்கு ஒன்றும் தெரியாது. ஒத்திகை முடிந்து வந்து பாடிக்கொண்டே படியேறுகிறார். சொல்லவேண்டிய ஆள் நான்; அந்தக் காலடி கேட்டாலே சமையலறைக்குள் போய்விடுகிறேன்.

டிசம்பர் 24

காலையில் மாடிக்குப் போனேன். சிஞோரா நேற்றிலிருந்து பேசுவதில்லை. அரங்கேறும் வரை குரலுக்கு ஓய்வு. சொல்லவேண்டியதை, அப்பா கத்தி துடைக்கும் சிறு தாள்களில் எழுதிக் காட்டுகிறார். அம்மாவுடன் சேர்ந்து கிறிஸ்துமஸ் சூப்புக்கு அனோலீனி – உள்ளே இறைச்சி வைத்த குட்டிக் கொழுக்கட்டை – மடித்துக்கொண்டிருந்தார். அம்மா என் முகத்தைப் பார்த்தாள், மாவுத்தட்டை எடுத்துக்கொண்டு கீழே போய்விட்டாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். அழுதேன். எதுவும் பேசாத ஒருவரிடம் மன்னிப்புக் கேட்பது எவ்வளவு கஷ்டம்! இடையில் திட்டக்கூட மாட்டார், மூச்சு வாங்க இடம் கிடைக்காது.

மாவுக்கையைத் துடைத்துக்கொண்டு ஒரு தாளில் எழுதினார்:

எத்தனை மார்க்?

“ஒன்பது.”

தலையசைத்தார். இரண்டாவது தாள்: 1909ஐயும் எழுதினாயா?

“...ஆமா.”

இதற்குத்தான் முகம் சுருங்கியது. வெகுநேரம் ஜன்னலைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே மூடுபனி தவிர ஒன்றும் இல்லை. பிறகு மூன்றாவது தாளை எழுதி, மடித்து, மேலே கண்டக்டரின் பெயரைப் போட்டார்.

நான் கொண்டுபோனபோது கண்டக்டர், மாஎஸ்த்ரோ கந்தோல்ஃபி, காபிக்கடையில் இருந்தார். தாளைப் படித்தார்: ‘கையெழுத்துத் தாள்களை எடுத்துவிடுங்கள். வெள்ளைக்கட்டை.’ இறக்கிய கட்டையைக் கையால் எழுதி வாத்தியக்காரர்களின் அச்சுப் புத்தகத்துக்குள் செருகியிருந்தார்கள். அதை உருவிவிட்டால் பழையதுதான்.

“அவளுக்குப் பைத்தியமா? ரெண்டு மாசமா அந்த உச்சி ஒரு தடவையாவது வந்திருக்கா? நீயே சொல்லு, மேலயும் கீழயும் நடக்கிறவ நீதானே!”

“ஒரு தடவை வந்துச்சு மாஎஸ்த்ரோ. குளிக்கும்போது.”

“அப்ப ஆர்க்கெஸ்ட்ராவைக் குளியலறைக்குள்ள உட்காரவெச்சிரலாம்!” என்றார். காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார்.

எனக்குப் புரிகிறது. இறக்கிப் பாடினால் ஊதுவது நிச்சயம். ஏற்றிப் பாடினால் ஊதுவது அநேகமாக நிச்சயம். அந்த ‘அநேகமாக’வுக்குத்தான் போகிறார்.

டிசம்பர் 27, வெள்ளி

நேற்றைய மாலையை இன்று காலை எழுதுகிறேன். மை தீரவில்லை. தீர்ந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் – எழுதாமல் இருக்க ஒரு சாக்கு.

நான் மேல்மாடியில் அப்பாவின் இடப்பக்கம் உட்கார்ந்தேன். வலப்பக்கம் நுல்லோ. எல்லார் மடியிலும் சாவி. அப்பாவிடம் சாவி இல்லை; தலைவர் சாவியில்லாமல் வந்திருப்பது மற்றவர்களுக்குத் தெரியக்கூடாது என்று கையைக் கோட்டுப்பைக்குள்ளேயே வைத்திருந்தார். முதல் இரண்டு அங்கங்களுக்கு மரியாதையான கைதட்டல். மரணதண்டனைக்கு முன் கொடுக்கும் சாப்பாடு மாதிரி.

மூன்றாம் அங்கம். மெழுகுவர்த்தி. சிஞோரா முன்னால் வந்தார். மேலிருந்து பார்க்க மிகச் சின்னதாகத் தெரிந்தார். முதல் சுரம்.

“கேட்டியா? இறக்கிட்டா!” என்றார் நுல்லோ. “காதுக்கே நல்லா தெரியுது!” பின் வரிசையில் எல்லோரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். முப்பது வருடமாகச் சுரம் சுரமாகக் கேட்டவர்கள். என் நாற்பத்தொரு பக்கம் அவர்கள் காதுக்குள் புகுந்துவிட்டிருந்தது.

ஊத வழியில்லாத அப்பா இசைக்கவையை எடுத்து முழங்காலில் தட்டிக் காதில் வைத்தார். பாட்டின் முதல் வரி இரண்டாம் முறை வந்தது. அப்பாவின் முகம் மாறியது. மறுபடி தட்டினார். மறுபடி காதில் வைத்தார். “நுல்லோ” என்றார். “யோவ் நுல்லோ, பொறு–”

அதற்குள் பாட்டு உச்சியை நோக்கி ஏறத் தொடங்கியது. முந்நூறு சாவிகளும் ஒரே நேரத்தில்.

அந்தச் சத்தத்தை நான் விவரிக்கமாட்டேன். ஒன்று மட்டும் பார்த்தேன்: சிஞோரா தலையை நிமிர்த்தினார், வாயைத் திறந்தார், கையை மெல்ல உயர்த்தினார், அப்படியே நின்றார். நின்றுகொண்டே இருந்தார். பிறகு மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தார்.

சாவிகள் ஓய்ந்ததும் அப்பா பெஞ்சின் மேல் ஏறி நின்றார். கவையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார்.

“மூலக்கட்டைடா! கழுதைங்களா! மூலக்கட்டையில பாடியிருக்காடா!”

“உன் வீட்டுக் குடித்தனம்னு பேசுறியா?” என்றார் ஒருவர்.

“கீழ போய்ப் பார்றா!”

போனார்கள். இடைவேளையில் இருபது பேர் வாத்தியக் குழிக்கு இறங்கிப்போய், வயோலாக்காரரின் தாளைப் பிடுங்கிப் பார்த்தார்கள். அச்சுத் தாள். வெள்ளைக்கட்டை. நுல்லோ திரும்பி வந்தபோது அவர் முகம் அவர் கடையில் தொங்கும் கொழுப்பின் நிறத்தில் இருந்தது. மூலக்கட்டையை ஊதிவிட்டார்கள். எங்கள் மேல்மாடியின் வரலாற்றில் இப்படி நடந்ததே இல்லை. இனி பார்மாவுக்கு எந்த முகத்தோடு போவது?

நான்காம் அங்கம் முழுவதும் யாரும் இருமக்கூட இல்லை.

டிசம்பர் 28

நுல்லோவும் ஐந்து பேரும் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்கள். நுல்லோ தன் கடையில் இருந்ததிலேயே பெரிய குலத்தெல்லோ – பதினெட்டு மாதம் பதப்படுத்திய தொடைக்கறி – குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிவந்தார்.

“சிஞோரா, எங்க காது அழுகிப்போச்சு” என்றார். “அந்த உச்சி... அப்படி ஒரு உச்சியை... நாங்களே எங்க சத்தத்துல புதைச்சிட்டோம்.” உண்மையிலேயே அழுதார்.

சிஞோரா தொண்டையில் கைவைத்து, கண்ணை மூடி, மன்னித்தார். மிக அழகாக மன்னித்தார். லிஸ்பனில் பழகியதாக இருக்கும்.

அவர்கள் போனபின் நான் மாடிக்குப் போனேன். அவர் குலத்தெல்லோவை மெல்லிதாகச் சீவிக்கொண்டிருந்தார்.

“சிஞோரா, உச்சி எப்படி இருந்துச்சு? நான் சாவிகளுக்கு நடுவுல இருந்தேன், கேட்கவே முடியல.”

“எப்படிக் கேட்கும்? வரவே இல்ல.”

“...என்ன?”

“வாயைத் திறந்தேன் கண்ணு. காத்துதான் வந்துச்சு. ஒரு பொட்டுச் சத்தம் இல்ல.” எனக்கு ஒரு துண்டு நீட்டினார். “உங்க ஊர்க்காரங்க மட்டும் அப்ப ஊதலேன்னா, நான் இந்நேரம் பியாச்சென்ஸாவுல நூல்கண்டு அடுக்கிக்கிட்டு இருப்பேன். இருபத்தாறு வருஷம் கழிச்சு நல்லா ஊதினாங்க. சாப்பிடு.”

சாப்பிட்டேன். மிக நன்றாக இருந்தது. அதுவும் உண்மைதான்.

டிசம்பர் 29, ஞாயிறு

பகல் காட்சி. சிஞோரா மேடைக்கு வருவதற்கு முன்பே, திரை அசைந்ததற்கே கைதட்டினார்கள். மெழுகுவர்த்திப் பாட்டு தொடங்கியது. நான் இரண்டு மாதம் பக்கத்தில் நின்று கேட்டவள். அரைக்கட்டை இல்லை – முழுக்கட்டை இறக்கியிருந்தார்! மாஎஸ்த்ரோ கந்தோல்ஃபி மேலே ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

அப்பா கவையை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். அதைக் கொண்டுவருவதே சிஞோராவுக்கு அவமரியாதையாம்.

உச்சி வந்தது. உருண்டையாக, வசதியாக, அவசரமில்லாமல்.

“என்ன உயரம்! கூரையைத் தொடுது பாருய்யா!” என்று நுல்லோ அப்பாவின் தோளைப் பிடித்துக் குலுக்கினார். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். இன்னொரு முறை பாடச் சொன்னார்கள். பாடினார். இன்னும் ஒரு முறை கேட்டார்கள். இரக்கம் காட்டுவதுபோல் கையசைத்து மறுத்துவிட்டார்.

ஜனவரி 3

மூன்று வருட ஒப்பந்தம். கையெழுத்தாகிவிட்டது. அக்காவுக்குத் தந்தி அடித்தது நான்தான்: ‘கல்லாவுக்கு வேறு ஆள் பார்.’

ஜனவரி 11

கட்டுரையைப் பள்ளி ஆண்டுமலரில் போடப்போகிறார்களாம். 26ஆம் தேதி நடந்ததையும் சேர்த்து முடிக்கவேண்டும் என்கிறார் பேராசிரியை. நான்கு நாளாக வெள்ளைத்தாளின் முன் உட்கார்ந்திருந்தேன். சிஞோராவிடம் போய் என்ன எழுதட்டும் என்று கேட்டேன்.

“பார்த்ததை எழுது.”

இன்று எழுதிவிட்டேன்: ‘பாட்டின் உச்சியில் சிஞோரா கந்தரெல்லி தலையை நிமிர்த்தி வாயைத் திறந்தார். அந்தக் கணத்தில் அரங்கம் முழுவதும் காது கொள்ளாத ஒலி நிறைந்தது. அதைக் கேட்ட எவரும் அதை மறக்கமாட்டார்கள்.’

ஒவ்வொரு சொல்லையும் சரிபார்த்தேன். ஒன்றுகூடப் பொய் இல்லை. உண்மையை வைத்துக்கொண்டு இவ்வளவு செய்யலாம் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

மார்ச் 18, 1958

சிஞோரா போன வாரம் பொலோஞ்ஞாவுக்குப் பாடப் போயிருக்கிறார். மாலையில் கடையின் மூலையில் உட்கார்ந்து கிரேக்க வினைச்சொற்கள் படித்துக்கொண்டிருந்தேன். நாற்காலியில் க்ரெமோனாவிலிருந்து வந்த ஒரு விதை வியாபாரி. அப்பா அவருக்கு நுரை பூசிக்கொண்டே அந்த உச்சியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். முறை வருவதற்காகக் காத்திருந்த நுல்லோ தானும் கேட்டதாகச் சொன்னார்.

“நீதான் ஊதிக்கிட்டு இருந்தியே” என்றார் அப்பா.

“ஊதிக்கிட்டே கேட்டேன்யா. அப்படி ஒரு சுரம். சாவியை எல்லாம் தாண்டி வந்துச்சு.”

விதை வியாபாரி கண்ணாடி வழியாக நம்பிக்கையில்லாமல் பார்த்தார். “எவ்வளவு நேரம்தான் நிக்கும் ஒரு சுரம்?”

“லேதா! நீ என் பக்கத்துலதானே இருந்தே. வரலாறெல்லாம் எழுதினவ. சொல்லு, எவ்வளவு நேரம் நின்னுச்சு?”

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் விரலைப் புத்தகத்தில் வைத்துக்கொண்டேன்.

“பன்னிரண்டு விநாடி அப்பா.”

அப்பா கத்தியை நிறுத்தினார். என்னைப் பார்த்துக் கொஞ்சம் வருத்தத்துடன் தலையசைத்தார்.

“பதினாலு” என்றார்.